கட்டடப் புனரமைப்பைத் தொலைக்காட்சித் தொடராக எடுப்பது எப்படி: தில்லியிலிருந்து ஒரு வழிகாட்டி

பழைய கட்டடங்களின் புனரமைப்பையும் இக்காலக் கட்டடக் கலையையும் பற்றித் தமிழில் ஓர் ஆவணத் தொடர் எடுக்க விரும்பும் தில்லித் தமிழர்களுக்குக் களம் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கிறது. சிதைந்த சுவரை ஒரு காட்சியிலும் பொலிவு பெற்ற சுவரை அடுத்த காட்சியிலும் காட்டி முடித்துவிடும் தொடர்கள் ஏற்கெனவே நிறைய உள்ளன. கட்டடம் ஏன் கெட்டது, சரிசெய்யப் பல வழிகள் இருந்தும் குறிப்பிட்ட ஒன்றை ஏன் தேர்ந்தார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தராத அத்தியாயத்தை ஒளிபரப்பாமலே விடலாம் என்பது என் உறுதியான கருத்து.

முதல் அத்தியாயத்துக்கு ஹுமாயூன் கல்லறை ஏற்றது. ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை இந்தியத் தொல்லியல் துறையுடன் இணைந்து 2007இல் தொடங்கி 2013இல் முடித்த பணியில், முந்தைய பழுதுபார்ப்புகளின்போது மேல்தளத்தில் அடுக்கடுக்காகப் போடப்பட்டிருந்த சுமார் 10 லட்சம் கிலோ கான்கிரீட் அகற்றப்பட்டது. அந்த எண்ணிக்கையை வெறுமனே படித்துவிட்டுப் போகாமல், அதன் காரணத்தைக் காட்டுங்கள். சிமெண்ட் பூசிய இடத்தில் ஈரம் வெளியேற வழியின்றித் தங்குகிறது. அதில் கரைந்த உப்பு கல்லின் மேற்பரப்பை ஒட்டிப் படிகமாகி, செம்மணற்கல்லைச் செதில் செதிலாக உரித்துவிடுகிறது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்வாங்கினாலும் மறுபடி வெளியே விட்டுவிடும். பணி நடக்கும் இடத்தில் சுட்ட சுண்ணாம்பு நீரில் நீறும் காட்சியை நெருக்கத்தில் எடுங்கள். ஆனால் அது கொதித்துத் தெறிக்கும், கண்ணைக் கெடுக்கும் என்பதால் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் ஒருவரும் அருகில் செல்லக் கூடாது. பூச்சைத் தட்டிப் பார்க்கும் ஒலியை மைக்கைச் சுவருக்கு அருகில் வைத்துத் தனியாகப் பதிவு செய்யுங்கள். உள்ளே பிடிப்பு விட்ட இடத்தில் ஓசை மாறுவதைக் கேட்டாலே பார்வையாளருக்கு விளங்கிவிடும். அங்கே பின்னணி இசை வேண்டாம்.

அடுத்த அத்தியாயம் கான்கிரீட்டைப் பற்றியதாக இருக்கட்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் சுண்ணாம்பு இறுகிக் கல்லாகிறது. அதே வாயு கான்கிரீட்டுக்குள் மெல்லப் புகும்போது அதன் காரத்தன்மை குறைந்து, உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேற்பூச்சை வெடிக்கச் செய்கிறது. இதைக் கண்முன் காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு: புதிதாக உடைத்த கான்கிரீட்டின் மீது பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் மிஞ்சியுள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும், காரம் போன பகுதி நிறமின்றி நிற்கும். பொறியாளர் ஒருவர் இதைச் செய்யும்போது, கேமராவை நிறுத்தாமல் ஒரே ஷாட்டில் எடுத்துவிடுங்கள்.

பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவல் வடிவமைத்து, மகேந்திர ராஜ் கட்டமைப்புப் பொறியாளராக இருந்து, 1972ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக எழுந்த கான்கிரீட் கண்காட்சிக் கூடமான ஹால் ஆஃப் நேஷன்ஸ் 2017 ஏப்ரலில் இடிக்கப்பட்டது. இன்று அங்கே படம்பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை. பழைய படங்களையும் வரைபடங்களையும் உரிமை பெற்றுத்தான் பயன்படுத்த வேண்டும். ஆனாலும் இதைத் தொடரில் சேர்க்காமல் விடாதீர்கள். நூற்றாண்டுகள் பழைமையான கட்டடங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, நம் தலைமுறையின் கண்முன்னே எழுந்த நல்ல கட்டடங்களுக்குக் கிடைப்பதில்லை என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று தில்லியில் வேறில்லை.

நேர்காணலில் கட்டடக் கலைஞரைவிடக் கல் செதுக்குபவருக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். அவர் இந்தியில் பேசினால் அவருடைய குரலே ஒலிக்கட்டும். தமிழை எழுத்தாகக் கீழே தரலாம். கருத்து வேறுபாடுகளையும் மறைக்காதீர்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் புனரமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது, பழைய சின்னங்களைப் பாதுகாப்பதற்கான பன்னாட்டு நெறிமுறையான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம். ஹுமாயூன் கல்லறையிலோ, அருகிலுள்ள நிஜாமுதீன் பஸ்தி குடியிருப்பின் இளைஞர்கள் உஸ்பெகிஸ்தான் கைவினைஞர்களிடம் பயின்று உருவாக்கிய புதிய ஓடுகள் மேல்மாடச் சத்ரிகளில் (தூண்கள் தாங்கும் சிறு குவிமாட மண்டபங்களில்) பதிக்கப்பட்டன. தொலைந்ததை மீண்டும் வைப்பது சரியா என்று இரு தரப்பினரையும் கேளுங்கள். தீர்ப்பைப் பார்ப்பவர்களிடம் விட்டுவிடலாம்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலி வைக்கவும் படப்பிடிப்பு நடத்தவும் முன் அனுமதி தேவை, கட்டணமும் உண்டு. தலைநகரின் மையப் பகுதியில் டிரோன் பறக்கவிடக் கடுமையான கட்டுப்பாடு இருப்பதால், வான்வழிக் காட்சியை நம்பித் திரைக்கதை எழுத வேண்டாம். டிசம்பர், ஜனவரி மாதங்களில் மூடுபனி ஒருபுறம் தடுக்கும். காற்று மாசு மிகும்போது கட்டுமானப் பணிகளே நிறுத்தப்படும் என்பதால், சாரம் கட்டியிருந்தும் வேலை நடக்காத நாட்கள் வரும். பிப்ரவரி முதல் மார்ச் வரை வெளிச்சமும் நன்றாக இருக்கும், சுண்ணாம்பு வேலைக்கும் வெயில் பொறுக்கும்.

திறப்பு விழாவோடு படப்பிடிப்பை முடித்துவிடாதீர்கள். 2013இல் புனரமைப்பு நிறைவடைந்த ஹுமாயூன் கல்லறையின் உச்சிக் கலசம் 2014 மே மாதப் புயலில் சாய்ந்து, 2016இல்தான் புதிய கலசம் ஏறியது. பணி முடிந்தபின் குறைந்தது ஒரு மழைக்காலம் கழியட்டும். அதன் பிறகு அதே கேமரா நிலைகளில் அதே சுவர்களை மறுபடி எடுங்கள். வெட்டப்படாத பதிவுகள் அனைத்தையும் தேதி, இடம், எந்தப் பக்கச் சுவர் என்ற குறிப்புகளோடு கட்டடத்தைப் பராமரிக்கும் அலுவலகத்துக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை அந்தச் சுவரில் விரிசல் விழும்போது, அது புதியதா பழையதா என்று அவர்கள் அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.