வாள்வீச்சுக் கருத்தரங்குக்குப் போகிறவர்களுக்கு

ஜெர்மன் வாள் ஆசான் யோவாகிம் மேயர் 1570இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அச்சிட்ட வாள்வீச்சு நூலை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் பயிற்சி செய்தேன். அதில் இரு கைகளாலும் பிடிக்கும் நீள்வாளுக்கான பகுதி முழுக்க வெட்டுகள்தான். குத்து அநேகமாக இல்லை. முனையுள்ள ஆயுதத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் குத்தச் சொல்லித்தராத ஆசானும் உண்டா? நான்தான் தவறாக வாசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயிற்சிக் கூடத்தில் விடை கிடைக்கவில்லை. ஒரு கருத்தரங்கில், வாள் பட்டறையில் இடம் நிரம்பிவிட்டதால் பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கே கைவினைஞர் சங்கங்களைப் பற்றிய உரை நடந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்து ஜெர்மன் நகரங்களில் நகர மன்றத்திடம் முறையாக அனுமதி வாங்கிப் பொது இடத்தில் வாள்வீச்சுப் போட்டி நடத்துவார்கள்; அதற்கு ஃபெக்ட்ஷூலே என்று பெயர். களத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் கைவினைஞர்கள். வாள் மழுங்கியது. குத்து உயிரை வாங்கும் என்பதால் அதற்குத் தடை. எதிராளியின் தலையில் இரத்தம் வரவைத்த அடிக்கே மதிப்பு. மேயரே கத்தி செய்யும் தொழிலாளி. இப்படிப்பட்ட போட்டி நடத்த மன்றத்துக்கு மனுப் போட்டவர். நூலில் குத்து ஏன் குறைவு என்பது ஐந்தே நிமிடத்தில் விளங்கிவிட்டது. அதே நூலில் ரேப்பியர் என்ற, ஒற்றைக் கையால் பிடிக்கும் மெல்லிய வாளைப் பற்றிய பகுதியில் குத்து தாராளமாக வருவதற்கும் அப்போதுதான் பொருள் புரிந்தது.

அதனால் என் முதல் ஆலோசனை இது: நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்ததும் சங்கங்களைப் பற்றிய உரைகளை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மிச்சமுள்ள நேரத்தில் பட்டறைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். வாள் பிடிக்கப் பின்னாலும் வாய்ப்பு வரும். ஆவணக் காப்பகங்களில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து பழைய மனுக்களைப் படித்த ஒருவர் உங்கள் எதிரே நின்று பேசுவது அடிக்கடி வாய்க்காது.

போவதற்கு முன் நான்கைந்து பெயர்கள் தெரிந்திருந்தால் உரைகளைப் பின்தொடர்வது எளிது. பிராங்க்ஃபர்ட்டில் மார்க்ஸ்ப்ரூடர் என்ற சகோதரத்துவம் இருந்தது. பேரரசர் மூன்றாம் ஃபிரடெரிக் 1487இல் அதற்கு உரிமைப் பட்டயம் வழங்கினார். அதன் தேர்வில் தேறாதவர் தம்மை வாள் ஆசான் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அதற்குப் போட்டியாகப் பிராகாவில் 1570இல் எழுந்தது ஃபெடர்ஃபெக்டர். அது 1607இல் பேரரசின் அங்கீகாரம் பெற்றது. லண்டனில் எட்டாம் ஹென்றி 1540இல் ஆசான்களுக்கு ஆதரவு ஆணை தந்தார். அங்கே மாணவர், சுதந்திர மாணவர், புரோவஸ்ட், ஆசான் என்று நான்கு படிகள். ஒவ்வொரு படிக்கும் மக்கள் முன்னிலையில் பல ஆயுதங்களில் பலரோடு மோதித்தான் ஏற முடியும். இன்றைய பெல்ஜியத்தில் உள்ள கென்ட் (Ghent) நகரத்துப் புனித மிக்கேல் சங்கம் 1613இல் பட்டயம் பெற்றது.

இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. யார் கற்பிக்கலாம், யார் கற்பிக்கக் கூடாது என்பது அன்று ஒருவருடைய பிழைப்பைத் தீர்மானித்த கேள்வி என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

படித்துவிட்டுப் போக ஒரே ஒரு மூல நூலைத் தேர்ந்தெடுங்கள். அதிலும் இரண்டு பக்கம் போதும். ஐரோப்பாவில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய வாள்வீச்சுச் சுவடி ஐ.33, 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது, இப்போது லீட்ஸ் நகரத்து ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாளும் சிறு கேடயமும் ஏந்திய ஒரு பாதிரியார் மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கடைசிப் பக்கங்களில் வால்பர்கிஸ் என்ற பெண்ணும் வாளேந்தி நிற்கிறாள். ஒரு படத்தை நன்றாகப் பார்த்து, உங்களுக்குப் புரியாத ஒன்றை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி சட்டைப் பையில் இருந்தால் தேநீர் இடைவேளையில் யாரிடமும் தயங்காமல் பேசலாம். பேச்சாளரிடம் “உங்கள் உரை அருமை” என்பதோடு நிறுத்தாமல், “இந்தப் படத்தில் இடது கால் ஏன் முன்னால் இருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் நின்று பேசுவார்.

பட்டறைக்கு வேண்டிய பொருள்களை அமைப்பாளர்களிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். முகக்கவசமும் தொண்டைக் காப்பும் இல்லாமல் யாரோடும் வாள் மோதாதீர்கள். மேலங்கிகளில் 350, 800 நியூட்டன் என்று எண் இருக்கும். துளைக்கும் விசையை அந்த அளவுக்குத் தாங்கும் என்று பொருள். எது கட்டாயம் என்பது நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். முதலில் அடிபடுவது விரல்கள்தான்; மற்றவற்றை இரவல் வாங்கினாலும் கையுறை உங்களுடையதாக, உங்கள் அளவுக்குப் பொருந்துவதாக இருக்கட்டும். பயிற்சி நீள்வாள் ஏறத்தாழ 130 சென்டிமீட்டர் நீளம். சாதாரணப் பெட்டியில் அடங்காது, விமானத்தில் கைப்பையாகக் கொண்டுபோகவும் முடியாது. முதல் முறை அங்கேயே இரவல் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

பட்டறையில் வேகத்தைக் காட்ட வேண்டாம். என் மனத்தில் ஆழப் பதிந்த பயிற்சியில் நாங்கள் நகரவேயில்லை. இருவர் எதிரெதிரே நின்று வாள்களைக் குறுக்காகத் தொடவைத்தோம். நான் கண்ணை மூடிக்கொள்ள, எதிரே நின்றவர் சில சமயம் அழுத்தினார், சில சமயம் தளர்த்தினார். அழுத்தும்போது கைப்பிடி உள்ளங்கையின் அடிப்பகுதியில் பதிந்தது. தளர்த்தும் நொடியில் சுண்டுவிரல் தானாகத் தளர்ந்தது. ஜெர்மன் ஆசான்கள் இந்த உணர்வை ஃப்யூலன் என்றார்கள். எதிராளியின் வாள் வலுவாக இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா என்று தொடுகையில் அறிந்து அடுத்த அடியை முடிவு செய்ய வேண்டும். அந்த வரியை எத்தனையோ முறை படித்திருந்தும் சுண்டுவிரல் சொன்ன பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

மூல வாள்களைத் தொட்டுப் பார்க்க அனுமதித்தால் மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். பொறுப்பாளர் சொன்ன இடத்தில் மட்டும் பிடியுங்கள். அலகில் விரல் பட வேண்டாம், வியர்வை துருப்பிடிக்கவைக்கும். எடையைக் கவனியுங்கள். போருக்கான நீள்வாள்கள் பல ஒன்றரைக் கிலோவைத் தாண்டாது.

இரவு அறைக்குத் திரும்பியதும் தூங்குமுன் குறிப்பு எழுதிவிடுங்கள். காலையில் பாதி போய்விடும். உரையில் கேட்டதை ஒரு பக்கத்திலும் உடல் கற்றதை எதிர்ப்பக்கத்திலும் எழுதுவது என் வழக்கம். இரண்டும் முரண்படும் இடத்தில் கோடு போட்டு வைக்கிறேன். மறுநாள் காலை அந்தக் கோடுகளோடு பேச்சாளரைத் தேடிப் போகிறேன். எந்தச் சுவடி, எந்தப் பக்கம் என்று கேட்டு அங்கேயே எழுதி வாங்கிக்கொள்கிறேன்.