கடல் அல்லிப் புதைபடிவம்: தகடு எண்ணி வகை பிரிக்கலாம்

ஏற்காடு மலை பெரும்பாலும் சார்னோக்கைட். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கு அடியில் ஆழத்தில் வெந்த பாறை. அதில் புதைபடிவம் தேடுவது வீண் வேலை. என்னிடம் இருக்கும் கடல் அல்லிப் புதைபடிவம், அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்திலிருந்து அத்தை மகன் கொண்டுவந்த கல். கிராஃபோர்ட்ஸ்வில் பக்கத்தது, வயது ஏறக்குறைய 34 கோடி ஆண்டு.

கடல் அல்லி என்றாலும் இது செடி இல்லை. நட்சத்திர மீனுக்குப் பங்காளி. தண்டு, மேலே ஒரு கிண்ணம், அதிலிருந்து கிளம்பும் கைகள். எல்லாமே கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத் தகடுகள். வகை பிரிக்கக் கிண்ணம்தான் வேண்டும்.

முதலில் சுத்தம் செய்யுங்கள். தண்ணீர், பழைய டூத் பிரஷ், அவ்வளவுதான். பித்தளைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், கால்சைட் அமிலத்தில் கரையும். அப்புறம் லென்ஸ் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். தகடுகளின் இணைப்புக் கோடுகள் நிழலாகத் தெரியும்.

இனி ரேடியல் தகட்டைப் பிடிக்க வேண்டும். ஒரு கையைப் பிடித்துக்கொண்டு நேராகக் கீழே இறங்குங்கள். தகட்டுக்குக் கீழ் தகடாக வரிசை வரும். எந்தத் தகட்டுக்கு நேர் கீழே ஒரு தகடு வராமல், இரண்டு தகடுகளுக்கு நடுவிலுள்ள இணைப்புக் கோடு வருகிறதோ, அதுதான் ரேடியல். மொத்தம் ஐந்து.

ரேடியலுக்கும் தண்டுக்கும் நடுவே எத்தனை வரிசை? ஒன்று என்றால் பேசல் (basal) என்ற தகடுகள் மட்டும், ஒற்றை வளையம். இரண்டு என்றால் பேசலுக்கு அடியில் இன்ஃப்ராபேசலும் உண்டு, இரட்டை வளையம். நான் இங்கேதான் ஏமாந்தேன். தண்டில் அடுக்கியிருக்கும் வில்லைகளில் மேலே உள்ளதையும் ஒரு வரிசையாக எண்ணி, ஒரு மாதம் தப்பான பெயரோடு வைத்திருந்தேன். செங்கல் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். இணைப்புக்கு மேல் இணைப்பு வராமல் கொத்தனார் மாற்றி மாற்றி வைப்பார் அல்லவா? கிண்ணமும் அப்படித்தான். தண்டைத் தொடும் தகடு ரேடியலுக்கு நேராக இருந்தால் இரட்டை, இரண்டு ரேடியலுக்கு நடுவில் இருந்தால் ஒற்றை. கிண்ணத்தின் ஒரு பக்கம் மட்டும் கூடுதல் தகடு செருகியிருக்கும். அது மலத்துளை இருக்கும் பக்கம், குழப்பும். எதிர்ப்பக்கத்தில் எண்ணுங்கள்.

சரி, கடைசியாகக் கைகள். கைகளின் அடித்தகடுகள் கிண்ணத்தோடு இறுகி, இடைவெளியிலும் தகடுகள் நிரம்பியிருந்தால் கேமரேட் என்ற வகை. இதில் ஒற்றையும் உண்டு, இரட்டையும் உண்டு. கைகள் ரேடியலிலிருந்தே தனியாகக் கிளம்பினால், ஒற்றை வளையம் டிஸ்பாரிட், இரட்டை வளையம் கிளாடிட். இரட்டை வளையத்தோடு இன்ஃப்ராபேசல் மூன்றே இருந்து, கைகளில் சிறகு போன்ற சிறுகிளையே இல்லாமல் நுனி உள்ளே சுருண்டிருந்தால் ஃபிளெக்சிபிள் என்று பாருங்கள். இது டைனோசர்களுக்கு முந்தைய காலத்து உயிரிகளுக்கான கணக்கு. டைனோசர் காலத்துக் கடல் அல்லிகளுக்கு இதை அப்படியே போடாதீர்கள்.

தண்டு வில்லை மட்டும் கிடைத்தால் இந்த வழியில் வகை சொல்ல முடியாது. என்னிடம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கிறது. 'தண்டு' என்று மட்டும் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன்.