தொட்டில் கட்டுவதற்குள் ஸ்போர்ட்டி காரை விற்பது எப்படி? நீலகிரிக்காரர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

என் வண்டி 2020 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ. 1.0 டிஎஸ்ஐ டர்போ எஞ்சின், ஆறு கியர் மேனுவல், 110 குதிரைத்திறன். குன்னூரிலிருந்து கேத்தி வழியாக ஊட்டிக்கு ஏறும்போது வளைவு முடிகிற இடத்தில் மூன்றாவது கியரிலேயே சுறுசுறுவென்று கிளம்பும். 2022-ல் இந்தியாவில் போலோ உற்பத்தியே நின்றுவிட்டது. இன்று கொடுத்துவிட்டால் நாளைக்கு ஷோரூமில் போய்ப் புதிதாக வாங்க முடியாத வண்டி. அதனால் இதை விற்பதென்று முடிவெடுக்கும்போது மனசு கனக்கத்தான் செய்தது.

முதல்முறையாகச் சொந்தக் காரை விற்பவர்களுக்காகவும், பிரசவத் தேதி குறித்துவிட்ட வீடுகளுக்காகவும் இதை எழுதுகிறேன். ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், வாங்கியவர் பெயர் ஏறினால்தான் வண்டி விற்ற கணக்கு. அந்த வேலை வளைகாப்புக்கு முன்னால் முடிய வேண்டும். வளையல் போட்டு அம்மா வீட்டுக்குப் போன பிறகு கையெழுத்துக்கும் ஓடிபிக்கும் யாரும் உங்களை அலையவிடக் கூடாது.

படி 1: விற்கத்தான் வேண்டுமா?

"குழந்தை வருது, இனிமே இந்த வண்டி எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அதைக் கேட்டு உடனே விற்காதீர்கள். முதலில் குழந்தை சீட் ஒன்றைக் கடனாகவாவது வாங்கிப் பின்சீட்டில் மாட்டிப் பாருங்கள். கைக்குழந்தையின் சீட் வண்டியின் பின்பக்கம் பார்த்துத்தான் இருக்க வேண்டும். ஆர்129 என்ற சர்வதேசத் தரத்தில் வரும் சீட்டுகளில் குறைந்தது 15 மாதம் வரை அப்படித்தான். பின்பக்கம் பார்த்த சீட் அதிக நீளத்தை எடுத்துக்கொள்ளும். அதை மாட்டியதும் முன்சீட்டை எவ்வளவு முன்னால் தள்ள வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். என் கணவர் நல்ல உயரம். சீட்டை மாட்டியதும் அவர் முழங்கால் டேஷ்போர்டில் முட்டியது. எங்களுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

முன்சீட்டில் ஏர்பேக் வேலை செய்கிற நிலையில், பின்பக்கம் பார்க்கும் குழந்தை சீட்டை அங்கே ஒருபோதும் வைக்காதீர்கள். ஏர்பேக் விரிந்தால் நேராகக் குழந்தையின் தலைப்பக்கம்தான் அடிக்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம். மடியில் வைத்துக்கொண்டு ஹேர்பின் வளைவு இறங்கும் பழக்கம் நம் மலையில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

சீட் பொருந்தி, உள்ளே இடமும் இருந்தால் வண்டியை வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம்.

படி 2: பிரசவத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஏழாம் மாத வளைகாப்பு என்றால் ஆறாம் மாதத்துக்குள் ஆர்.சி. மாறியிருக்க வேண்டும். அதற்கு ஐந்தாம் மாதம் விளம்பரம், நான்காம் மாதம் பேப்பர். இதோடு ஊரின் காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஏப்ரல், மே சீசனில் மலைக்கு மேலே வண்டி காட்டுவது பெரும் பாடு. அந்த நாட்களில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழிப் பாதை ஆக்குவது வழக்கம். ஐப்பசி, கார்த்திகையில் குன்னூர், கோத்தகிரி பக்கம் மழை பிடித்துக்கொள்ளும். மண்சரிவு என்றால் வருகிறவர் பாதி வழியில் திரும்பிவிடுவார். தை முதல் பங்குனி வரை கிடைத்தால் நல்லது.

படி 3: பேப்பர் (அதிக நேரம் இங்கேதான் போகும்)

அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டு, பதிவில் இருக்கும் செல்போன் எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். வாங்கிய காலத்தில் ஷோரூம்காரர் தன் எண்ணைக் கொடுத்திருந்தால் ஓடிபி அவருக்குப் போகும். அதை முதலில் மாற்றுங்கள். பாக்கி இருக்கும் இ-சலானையும் (போக்குவரத்து அபராதம்) அங்கேயே பார்த்துக் கட்டிவிடுங்கள்.

கார் லோன் முடிந்திருந்தாலும் ஆர்.சி.யில் பேங்க் பெயர் இன்னும் இருக்கலாம். பேங்கில் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று), பேங்க் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி அந்தப் பெயரை நீக்க வேண்டும். என்.ஓ.சி.க்குக் காலக்கெடு உண்டு, பொதுவாக மூன்று மாதம். வாங்கி பீரோவில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, படிவம் 30 இரண்டும் வேண்டும். விற்ற விஷயத்தை ஆர்.டி.ஓ.வுக்கு நீங்கள் தெரிவிப்பது 29. பெயரை மாற்றித் தரச்சொல்லிக் கொடுக்கும் விண்ணப்பம் 30. மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். வாங்குபவர் கூடலூர் தாண்டி வயநாட்டுக்காரர், குண்டல்பேட்டைக்காரர் என்றால் படிவம் 28-ல் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்றும் வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், முன்பே கணக்கில் வையுங்கள்.

இதற்கெல்லாம் நான் ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், 2018-ல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வண்டி கைமாறிப் போயிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர். விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான். கையில் பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவர் செய்த விபத்துக்குக் கோர்ட் ஏறும் நிலை யாருக்கும் வரவேண்டாம். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, "நான் மாத்திக்கிறேன் மேடம்" என்பவரிடம் கொடுக்கும் வழக்கத்தை இதோடு விட்டுவிடுங்கள்.

புகைச் சான்று, இன்சூரன்ஸ் இரண்டும் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: மாற்றி மாட்டியதைக் கழற்றுங்கள்

ஸ்போர்ட்டி கார் வைத்திருப்பவர்களில் பலர் எக்சாஸ்ட் மாற்றியிருப்பார்கள், ஸ்பிரிங் தாழ்த்தியிருப்பார்கள், ரீமேப் (எஞ்சின் மென்பொருளை மாற்றுவது) செய்திருப்பார்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் ஒரிஜினல் பாகங்களைத் திரும்ப மாட்டுங்கள். கழற்றிய பொருட்களைத் தனியாக விற்றால் வண்டியோடு சேர்த்துக் கிடைப்பதைவிட நல்ல விலை கிடைக்கும். ரீமேப் செய்திருந்தால் பழைய மென்பொருளை ஏற்றிவிட்டு, அந்த விஷயத்தை வாங்குபவரிடம் வாய் திறந்து சொல்லிவிடுங்கள். டர்போ வண்டியில் அது அவர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

படி 5: "மலை வண்டியா?" என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்கட்டும்

நீலகிரிப் பதிவான டி.என். 43 நம்பரைப் பார்த்ததும் கோயம்புத்தூர்க்காரர் முதலில் கேட்பது இதைத்தான். "மலையில ஓடின வண்டி, கிளட்ச் போயிருக்குமே?" நியாயமான கேள்வி. வாயால் பதில் சொல்லாமல் பில்லைக் காட்டுங்கள். கிளட்ச், பிரேக் பேடு, சஸ்பென்ஷன் புஷ் எப்போது மாற்றினீர்கள் என்று தேதி வாரியாக ஒரு ஃபைல் போடுங்கள். கிளட்ச் நன்றாக இருந்தால் காட்டுவதும் எளிது. ஏற்றத்தில் உயர்ந்த கியரில் போகும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால், வேகம் கூடாமல் ஆர்.பி.எம். மட்டும் எகிறக் கூடாது.

டயரை உட்கார்ந்து பாருங்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டியை ஹேர்பின்களில் ஓட்டினால் முன் டயரின் வெளி ஓரம் முதலில் தேயும். நடுவில் பட்டன் நன்றாகத் தெரியும், ஓரத்தைத் தடவினால் மழமழவென்று இருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. விவரம் தெரிந்தவர் முதலில் குனிந்து பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

இங்கே பனியும் ஈரமும் நாள் முழுக்க இருப்பதால் சீட் பெல்ட்டின் மடிப்பு, சீட்டின் அடிப்பக்கம், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழி ஆகிய மூன்று இடத்திலும் பூஞ்சை பிடிக்கும். பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துத் துடைத்து, நல்ல வெயில் நாளில் நான்கு கதவையும் திறந்துபோட்டுக் காயவையுங்கள். ஏ.சி. கேபின் ஃபில்டரை மாற்றுங்கள். நாம் மலையில் ஏ.சி.யே போடுவதில்லை. கீழே மேட்டுப்பாளையத்தில் வாங்குபவர் போட்டதும் பூஞ்சை நாற்றம் அடித்தால் பேரம் அங்கேயே இறங்கும்.

படி 6: விலையும் விளம்பரமும்

அதே மாடல், அதே வருஷம், கிட்டத்தட்ட அதே கிலோமீட்டர் ஓடிய வண்டிகளுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். கேட்கும் விலைக்கு விற்காது என்பதையும் மனதில் வையுங்கள். பிரியமாக வைத்திருந்ததற்குத் தனி விலை கிடையாது. சர்வீஸ் புத்தகத்துக்கு நிச்சயமாக உண்டு.

விளம்பரத்தை இப்படி எழுதலாம்: "போலோ 1.0 டிஎஸ்ஐ மேனுவல், 2020, முதல் ஓனர், டி.என். 43. சர்வீஸ் பில் முழுதும் உண்டு. கிளட்ச் ஒரிஜினல். இடது பின்கதவில் கீறல் உள்ளது, படம் பார்க்கவும். குழந்தை வரவிருப்பதால் விற்பனை. ஓட்டத் தெரிந்தவர், பார்த்துக்கொள்பவர் அழைக்கவும்." தேயிலைத் தோட்டப் பின்னணியில் ஒரு படம் போதும். மிச்சப் படங்கள் டயர், கீறல், அடிப்பாகம், ஓடோமீட்டர் என்று இருக்கட்டும். காலையில் எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்யும் வீடியோவும் எடுத்து வையுங்கள்.

நேரமே இல்லையென்றால் டீலரிடம் கொடுக்கலாம், விலை குறையும். 2023 ஏப்ரலிலிருந்து பழைய கார் டீலர்களுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று முறை வந்திருக்கிறது. அப்படிச் சான்று உள்ளவரிடம் படிவம் 29சி மூலம் ஒப்படைத்தால் பொறுப்பு அவருக்குப் போய்விடும். சான்று இல்லாதவரிடம் விடாதீர்கள்.

படி 7: ஓட்டிக் காட்டுவது

2024 மே 7 முதல் வெளியூர் வண்டியில் நீலகிரிக்கு வருகிறவர்களுக்கு இ-பாஸ் வேண்டும். வண்டி பார்க்க வருகிறவருக்கு இது தெரியாமலிருக்கலாம், முன்கூட்டியே சொல்லுங்கள். அல்லது அவரை பஸ்ஸில் வரச் சொல்லுங்கள். நான் மேட்டுப்பாளையத்தில் அம்மா வீட்டு வாசலிலேயே காட்டினேன். சமவெளியில் ஓட்டிப் பழகியவரை பர்லியாறு வளைவுகளில் புது வண்டியோடு விடுவது இரண்டு பேருக்கும் நல்லதல்ல. மலையில்தான் பார்ப்பேன் என்றால், ஏறும்போது உங்கள் வீட்டு ஆள் ஓட்டட்டும், அவர் பக்கத்தில் உட்காரட்டும். லைசன்ஸைப் பார்க்காமல் ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள். கர்ப்பிணி டெஸ்ட் டிரைவில் கூடப் போகவே வேண்டாம். தம்பியோ கணவரோ போகட்டும்.

வந்தவர்களில் சிலர் முதல் கேள்வியே "டாப் ஸ்பீடு எவ்வளவு?" என்றார்கள். ஒரு பையன் மட்டும் பானெட்டைத் திறந்து, கடைசியாக என்ன ஆயில் ஊற்றினீர்கள், எப்போது ஊற்றினீர்கள் என்று கேட்டான். மற்றவர்களைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் கேட்டான். அவனுக்கே கொடுத்தேன், அதில் எனக்கு முழுத் திருப்தி.

அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் விடிகாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு ஆசைதீர ஓட்டிவிட்டு வாருங்கள். நானும் கணவரும் கோடநாடு காட்சிமுனை வரை போனோம், அவர் ஓட்டினார். அட்வான்ஸ் வாங்கிய பிறகு அது மற்றவர் வண்டி.

படி 8: பணமும் சாவியும்

2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை உண்டு. பேங்க் வழியாகவே வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள். டெலிவரி நோட்டில் தேதி, மணி, ஓடோமீட்டர் எண், இரண்டு பேர் கையெழுத்து இருக்க வேண்டும். மணி முக்கியம், அன்று சாயங்காலமே ஏதாவது நடந்தால் அந்தத் தாள்தான் சாட்சி. அவருடைய ஆதார் நகலையும் வாங்கி வையுங்கள்.

நாளையும் பேசிக்கொள்ளுங்கள். எங்கள் மாமியார் வெள்ளிக்கிழமை வண்டி வெளியே போகக் கூடாது என்றார். வாங்குகிற பையன் வீட்டில் ராகுகாலம் பார்த்தார்கள். புதன்கிழமை என்று முடிவு செய்ததும் இரண்டு வீட்டுக்கும் நிம்மதி.

ஃபாஸ்டேக்கைக் கழற்றிக் கணக்கை மூடுங்கள், இல்லாவிட்டால் அவர் போகும் டோலுக்கெல்லாம் உங்கள் பணம் போகும். மியூசிக் சிஸ்டத்தில் ஏறியிருக்கும் போன் நம்பர்கள், வீட்டு முகவரி, டேஷ்கேம் மெமரி கார்டு, டேஷ்போர்டில் ஒட்டிய அம்மன் படம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இரண்டாவது சாவியையும் அன்றே கொடுத்துவிடுங்கள்.

படி 9: கொடுத்த பிறகு

பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டு அடிக்கடி பாருங்கள். பெயர் மாறும் வரை வாங்கியவருக்கு போன் செய்யத் தயங்க வேண்டாம். இன்சூரன்ஸைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி 14 நாளுக்குள் கம்பெனிக்கு விண்ணப்பிக்க வேண்டியது அவர். அதையும் நினைவுபடுத்துங்கள்.

நோ கிளெய்ம் போனஸ் மட்டும் உங்களுடையது, வண்டியோடு போகாது. ஐந்து வருஷம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டியிருந்தால் 50 சதவீதம் வரை வந்திருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள், மூன்று வருஷம் வரை செல்லும். அடுத்த வண்டியின் சொந்தச் சேதக் காப்பீட்டு பிரீமியத்தில் அது கழியும். மிச்சமாகும் அந்தப் பணத்தைக் குழந்தை சீட்டுக்கு ஒதுக்குங்கள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிப் பை கட்டும்போதே சீட்டைப் புது வண்டியில் மாட்டி, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பெல்ட் போகும் இடத்தில் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது.