வெங்காயத் தோலில் பிரசாரணத்தைக் கண்ணால் காணுதல்

உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கும் எங்கள் மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்குப் பிரசாரணத்தின் (செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு கூடிய கரைசலுக்கு, தேர்ந்து விடும் மென்சவ்வினூடாக நீர் செல்லுதல்) வரைவிலக்கணம் மனப்பாடமாக இருக்கும். கலச்சுவரும் கலமென்சவ்வும் வெவ்வேறு இயல்புடையவை என்பது மட்டும் எளிதில் பதிவதில்லை. பாடசாலையில் நுணுக்குக்காட்டி ஒன்றிருந்தால் இதனை ஒரே பாடவேளையில் தெளிவாக்கிவிடலாம்.

ஊதா நிறப் பெரிய வெங்காயத்தின் காய்ந்த சருகை நீக்கி, அடுத்துள்ள சதைப்பற்றான இதழின் வெளிப்புறத்தில் நிறம் அடர்ந்த இடத்தைப் பிளேட்டினால் சிறு சதுரமாகக் கீறி, மேற்றோலை மட்டும் இடுக்கியால் உரித்தெடுங்கள். சதை ஒட்டியிருந்தால் கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் மங்கித் தெரியும். அத்துண்டை விட்டு வேறொன்றை உரிப்பதே நல்லது. அதனை வழுக்கியில் ஒரு துளி நீரில் மடிப்பில்லாமல் விரித்து, மெல்லிய கண்ணாடியால் மூடி, 100 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். செங்கல் அடுக்கியதுபோன்ற கலங்களில் ஊதா நிறம் விளிம்புவரை நிறைந்திருக்கும். அந்நிறம் புன்வெற்றிடத்திலுள்ள, அதாவது கலத்தினுள் சாறு நிறைந்த பையிலுள்ள, அந்தோசயனின் என்னும் நிறப்பொருளுடையது.

இனி 100 மில்லிலீற்றர் நீரில் 5 கிராம் உப்பைக் கரைத்து, மூடிய கண்ணாடியின் ஓர் ஓரத்தில் சில துளிகள் இட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து உறிஞ்சவிடுங்கள். கண்ணை எடுக்காமல் பார்த்தால், ஊதா நிறம் மூலைகளை விட்டு விலகி, சுருங்கச் சுருங்கக் கடுமையாகி, நடுவே உருண்டு திரள்வதைக் காணலாம். இதுவே முதலுருச்சுருக்கம். சுவர் இருந்த இடத்திலேயே நிற்க, நீரை இழந்த முதலுரு (சுவருக்கு உள்ளே இருக்கும் கலத்தின் உயிர்ப்பகுதி) மென்சவ்வோடு உள்ளே ஒடுங்கிவிடுகிறது.

இங்கே ஒரு கேள்வியை மாணவரிடம் கேட்டே ஆகவேண்டும்: சுவருக்கும் மென்சவ்வுக்கும் இடையே தோன்றிய வெளியில் இருப்பது என்ன? காற்று என்றும் வெற்றிடம் என்றும் பலர் எழுதுவர். அங்கிருப்பது உப்புக் கரைசலே. சுவர் கரையத்தையும் நீரையும் தடையின்றி விடுகிறது. மென்சவ்வோ நீரை எளிதில் விட்டு உப்பைப் பெரிதும் தடுக்கிறது. நிறம் வெளியே கசியாததும் மென்சவ்வுகளின் தேர்ந்து விடும் தன்மைக்குச் சான்றாகும்.

உப்புக் கரைசலுக்குப் பதிலாக மட்டக்களப்பின் கல்லடி வாவியின் உவர்நீரை எடுத்துச் செய்யலாமே என்று சிலருக்குத் தோன்றலாம். வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் அதன் உவர்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுவதால், முதல் முறைக்கு நிறுத்தெடுத்த உப்பையே நம்புங்கள்.

சுருக்கம் தெரிந்தவுடன் தாமதிக்காமல் அதே முறையில் நல்ல நீரைச் செலுத்துங்கள். உயிருள்ள கலங்களில் முதலுரு மீண்டும் விரிந்து சுவரைத் தொடும். நெடுநேரம் உப்பில் கிடந்து மென்சவ்வு சிதைந்த கலங்கள் மீளமாட்டா. அவற்றையும் படத்தில் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.