ஆபரேஷனுக்குச் சம்மதிக்கும் முன் பாதத்தைப் பிடித்துப் பாருங்கள்

மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள குழந்தைக்கு “கால் டைட்டாக இருக்கிறது, ஆபரேஷன் செய்துவிடலாம்” என்று யாராவது சொன்னால், முதலில் எந்த டைட் என்று கேளுங்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டியை நீட்டிப் பிடித்துக்கொண்டு, பாதத்தை மெதுவாக மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். அப்புறம் அதையே கொஞ்சம் வேகமாக, ஆனால் முரட்டுத்தனம் இல்லாமல் செய்யுங்கள். மெதுவாகத் தள்ளும்போது இணங்கி வந்த பாதம் வேகமாகத் தள்ளினால் பாதியிலேயே வெடுக்கென்று பிடித்துக்கொண்டால், அது நரம்பு வழியே வரும் இறுக்கம், அதாவது ஸ்பாஸ்டிசிட்டி. எவ்வளவு மெதுவாகத் தள்ளினாலும் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் தசையே குட்டையாகிவிட்டது என்று அர்த்தம். பல பிள்ளைகளுக்கு இரண்டும் கலந்தே இருக்கும், அதனால் பிசியோதெரபிஸ்டையும் ஒருமுறை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒன்றுக்குச் செய்யும் ஆபரேஷன் மற்றதைச் சரிசெய்யாது, இதை மனதில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனாலே பாதிக் குழப்பம் தீரும்.

நரம்பு இறுக்கத்துக்கு பிசியோ, காலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட், இறுக்கத்தைத் தளர்த்தும் பேக்லோஃபென் மருந்து, சில மாதங்கள் தாங்கும் போடாக்ஸ் ஊசி எல்லாம் பார்த்த பிறகு வருவது ரைசாட்டமி என்ற ஆபரேஷன். தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் நரம்பு அறுவை மருத்துவர் வார்விக் பீக்காக் 1980களில் செம்மைப்படுத்திய முறை இது. காலிலிருந்து உணர்வைக் கொண்டுவரும் நரம்பு வேர்களை முதுகுத்தண்டில் இழை இழையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மின்சாரத்தால் தூண்டிப் பார்த்து, தசையை அளவுக்கு மீறித் துடிக்க வைக்கும் இழைகளை மட்டும் வெட்டுவார்கள். குறைமாதத்தில் பிறந்து, இரண்டு கால்களிலும் இறுக்கம் இருந்து, தானாகவோ வாக்கர் பிடித்தோ நடக்கிற, சுமார் 4 முதல் 8 வயதுக் குழந்தைகளுக்குத்தான் இது நன்றாகப் பொருந்தும். வெட்டியதை மறுபடி ஒட்ட முடியாது. இன்னொன்றும் உண்டு, இதைப் பெற்றோரிடம் யாரும் அழுத்திச் சொல்வதில்லை: அதுவரை அந்தக் குழந்தை பாதி இறுக்கத்தின் பலத்தில்தான் நின்றுகொண்டிருந்திருக்கும், அதை எடுத்ததும் அடியில் இருந்த பலவீனம் வெளியே தெரியும், முன்பு நின்ற பிள்ளை துவண்டு போவதைப் பார்த்து வீடே பயந்துவிடும். மாதக்கணக்கில், ஏறக்குறைய தினமும் பிசியோ செய்தால்தான் பலம் வரும். அதற்கு யார் கூட்டிப்போவது, வேலைக்கு யார் லீவு போடுவது என்று தேதி குறிப்பதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

நடக்க வாய்ப்பில்லாத, உடம்பு முழுக்க விறைக்கும் குழந்தைக்கு பேக்லோஃபென் பம்ப் இருக்கிறது. வயிற்றுத் தோலுக்கடியில் வைத்த கருவி தண்டுவட நீருக்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடும். இங்கே குறிக்கோள் நடை இல்லை, டயப்பர் மாற்றும்போது தொடைகள் விலகுவதும் இரவில் வலியில்லாமல் தூங்குவதும்தான், அது சின்ன விஷயமே இல்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை ஊசியால் மருந்து நிரப்ப வேண்டும், அந்தத் தேதியைத் தவறவிடவே கூடாது. மருந்து திடீரென நின்றால் அரிப்பு, காய்ச்சல், கடும் விறைப்பு, வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகும், உடனே எமர்ஜென்சிக்கு ஓட வேண்டும்.

தசை குட்டையாகிவிட்டால் எலும்பு மருத்துவர் தசைநாரை நீளமாக்குவார். நுனிக்காலில் நடக்கிறான் என்று குதிகால் தசைநாரை மட்டும் நீட்டிவிட்டால், சில பிள்ளைகள் பின்னாளில் முட்டி மடங்கிக் குனிந்து நடக்கத் தொடங்கிவிடுவார்கள். இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றையும் சேர்த்துப் பார்த்தாரா என்று கேளுங்கள். வருஷத்துக்கு ஒன்று என்று துண்டு துண்டாகச் செய்யாமல், தேவையானதை ஒரே தடவையில் முடிக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் இடுப்பு எக்ஸ்-ரே. தொடை எலும்பின் தலை இடுப்புக் கிண்ணத்திலிருந்து மெல்ல நழுவும்போது ஆரம்பத்தில் வலியே இருக்காது, உட்காரவே முடியாத அளவு பாதிப்புள்ள பிள்ளைகளில் சுமார் 90 சதவீதம் பேருக்கு இது நடக்கிறது. அந்தத் தலையில் 30 சதவீதத்துக்கு மேல் கிண்ணத்துக்கு வெளியே வந்துவிட்டால் எலும்பு மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். உங்கள் ஃபைலைத் திறந்து, கடைசி இடுப்பு எக்ஸ்-ரே எந்த மாதம் எடுத்தது என்று இப்போதே பாருங்கள்.