பழுப்பேறிய தண்ணீரைத் தெளிய வைத்தது

ரங்கூனை விட்டுப் பெகு பக்கம் குடும்பத்தோடு விவசாயத்துக்கு வந்தோம். நெல், காய்கறி, கோழி எல்லாம் சரி, தண்ணீர்தான் படுத்தியது. அடிகுழாயில் தெளிவாக வரும், குடத்தில் நின்றால் பழுப்பேறும். தேநீர் மை மாதிரி கறுத்துவிடும். காரணம், கரைந்திருக்கும் இரும்பு. காற்றுப் பட்டால்தான் அது துருவாகத் திரளும். எனவே ஓட்டை போட்ட பிளாஸ்டிக் வாளி வழியே தண்ணீரைத் தொட்டியில் தூவவிட்டு, ராத்திரி முழுக்கத் தெளியவிட்டோம். அப்புறம் அடியில் கூழாங்கல், மேலே கழுவிய ஆற்றுமணல் நிரப்பிய டிரம்மில் வடித்தோம். மேல்மணலில் செம்படலம் கட்டி வடிவது குறையும். அந்த இரண்டு விரல் மணலை மட்டும் சுரண்டி அலசிப் போட்டால் போதும். வெறும் துணியில் வடித்தால் போதாது. குடிக்க இன்னும் கொதிக்கவைக்கிறோம். ஆனால் நிலத்தடி நீரில் இருக்கக்கூடிய ஆர்சனிக் என்ற நஞ்சு நிறமோ வாசனையோ காட்டாது, கொதித்தாலும் போகாது. அதைத் தனியாகச் சோதித்துவிடுங்கள்.