புது அம்பயரைப் பழக்குவது எப்படி: முதலில் நெட், பிறகு மேட்ச்

கிரிக்கெட்டின் 42 விதிகளையும் சைகைகளையும் படித்துவிட்டு வரும் புதியவரை நேராக மேட்சில் இறக்கிவிடாதீர்கள். நெட்டில், அதாவது வலைப்பயிற்சியில், பந்துவீச்சாளர் முனையில் நிற்க வையுங்கள்.

படி 1: முதல் 30 பந்துகளுக்குப் பந்துவீச்சாளரின் முன்காலை மட்டும் பார்க்கட்டும். பாதத்தின் ஏதாவது ஒரு பகுதி, தரையிலோ அந்தரத்திலோ, பாப்பிங் கிரீஸுக்கு (ஸ்டம்புகளுக்கு முன்னால் இருக்கும் கோடு) பின்னால் இருந்தால் போதும். கிரீஸ் என்பது சுண்ணாம்புக் கோட்டின் பின்விளிம்பு. கோட்டின்மேல் மட்டும் கால் விழுந்தால் நோ-பால்தான்.

படி 2: எல்லோரும் வழுக்குவது இங்கேதான். காலைப் பார்த்த கண் உடனே நிமிர்வதில்லை. வேகப்பந்து பேட்டரை அடைய அரை நொடிதான் ஆகும். கண் தாமதமானால் பந்து எங்கே பிட்ச் ஆனது, அதாவது தரையில் பட்டது, என்பது தெரியாது, மீதியெல்லாம் ஊகம். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தச் சொல்லுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் "கால் சரி, லெக்குக்கு வெளியே பிட்ச்" என்று வாய்விட்டுச் சொல்லட்டும். (லெக் என்பது பேட்டரின் முதுகுப் பக்கம், ஆஃப் என்பது அவர் முகம் பார்க்கும் பக்கம்.) சொல்லத் திணறினால் கண் இன்னும் கீழேயே நிற்கிறது என்று அர்த்தம். இது பழகாமல் எல்.பி.டபிள்யூ. (ஸ்டம்பைத் தாக்கப் போன பந்தைக் காலிலோ உடலிலோ வாங்கி அவுட் ஆவது) பாடத்தைத் தொடங்காதீர்கள்.

படி 3: எல்.பி.டபிள்யூ. கேள்விகளை வரிசை மாறாமல் கேட்கப் பழக்குங்கள். நோ-பாலா? லெக்குக்கு வெளியே பிட்ச் ஆனதா? முதலில் பேட்டில் பட்டதா? ஆஃபுக்கு வெளியே பேட்டரின் மேல் பட்டிருந்தால், அவர் ஷாட் ஆட முயன்றாரா? கடைசியாகத்தான் ஸ்டம்பைத் தாக்குமா என்பது. புதியவர்கள் இந்தக் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவார்கள். தப்பு அங்கேதான் நுழைகிறது.

ஓவரின் பந்துகளை எண்ண கிளிக்கரைவிட (அழுத்தி எண்ணும் கருவி) ஆறு கூழாங்கற்களே மேல்: பந்துக்கு ஒரு கல்லாக ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்ற வேண்டும். கிளிக்கரை அழுத்தினோமா என்ற சந்தேகம் வரும். கல் எந்தக் கையில் இருக்கிறது என்பதில் வராது. பந்து டெட் ஆன பிறகே, அதாவது அந்தப் பந்தின் ஆட்டம் முடிந்த பிறகே, கல்லை மாற்ற வேண்டும். வைடுக்கும் நோ-பாலுக்கும் மாற்றக் கூடாது.

மேட்ச் நாளில் எல்லைக்கோட்டிலிருந்து கத்தாதீர்கள். டிரிங்ஸ் இடைவேளையில் ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள், அதுவும் நிற்கும் இடத்தைப் பற்றி மட்டும். கொடுத்த தீர்ப்பைக் கிளறினால் அடுத்த அப்பீலுக்கு விரல் நடுங்கும்.

பின்சேர்க்கை: இடக்கை பேட்டர் வந்தால் குழம்புவதாகப் பலர் எழுதியிருந்தார்கள். வலக்கை வேகப்பந்து ஓவர் தி விக்கெட்டில் (வீசும் கை ஸ்டம்பின் பக்கம் இருக்கும்படி) வரும்போது, ஸ்டம்பை நோக்கி நேராக வரும் பந்து பெரும்பாலும் லெக்குக்கு வெளியே பிட்ச் ஆகியிருக்கும். ஸ்டம்பு வரிசையில் பிட்ச் ஆனது ஸ்விங்கோ திருப்பமோ இல்லாவிட்டால் ஆஃபைத் தாண்டிப் போய்விடும். இதற்குத் தனியாக 30 பந்துகள் ஒதுக்குங்கள்.